வரக்காப்பியோடு ஓடியவள்

கொழுப்பு கூடியிருக்கிறது, தினமும் நடங்கள் என்று கோத்தகிரி டாக்டர் சொன்னபோது குமாரசாமிக்கு நாற்பத்தெட்டு வயது. எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை அவர். அரவேணுவில் அவர் வைத்திருந்த பெயிண்ட், பைப் கடைக்கு ஆணி கேட்டு வந்தவர்கள் சுத்தியலும் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். நடப்பதற்குப் பதிலாக ஓடுவது என்று முடிவெடுத்தார். கோயமுத்தூருக்குப் போய் நல்ல ஷூ, ஓடிய தூரத்தைக் காட்டும் வாட்ச், வியர்வை ஒட்டாத பனியன் எல்லாம் வாங்கி வந்தார்.

அவர் மனைவி சாந்தாமணிக்கு ஓடும் ஆசையெல்லாம் கிடையாது. அவளுக்குக் கரடிப் பயம். டீத்தோட்டத்தை ஒட்டிய ரோட்டில் விடியற்காலையில் கரடி நடமாட்டம் இருந்தது. பால் ஊற்றப் போன ஒருவரை அது துரத்திய கதையை ஊரே பேசிக்கொண்டிருந்தது. தனியாகப் போக வேண்டாம், நானும் வருகிறேன் என்று கூடவே கிளம்பினாள். சுடிதாருக்கு மேலே அவருடைய பழைய ஸ்வெட்டர். காலில், கோயமுத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகள் ஷண்முகப்ரியா பள்ளிக்கூட நாளில் போட்டுத் தேய்த்த கேன்வாஸ் ஷூ.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மூச்சை எப்படி இழுப்பது, ஏற்றத்தில் அடியை எப்படிச் சுருக்குவது என்று குமாரசாமி சொல்லிக்கொடுத்தார். அவள் கேட்டுக்கொண்டாள். பின்னால் இருந்து "கொஞ்சம் நில்லுங்க" என்று அவள் கூப்பிடும்போது நின்று திரும்பிப் பார்ப்பதில் அவருக்கு ஒரு சுகம் இருந்தது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சிரித்தபடி, அவள் வந்து சேரும்வரை நிற்பார்.

மழைக்காலம் முடிவதற்குள் அவள் கூப்பிடுவது நின்றுவிட்டது. பக்கத்திலேயே ஓடி வந்தாள். ஒருநாள் டீ ஃபேக்டரி ஏற்றத்தில் பேசிக்கொண்டே வந்தாள். மகளின் ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி, வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடும்போது வருகிற சத்தத்தைப் பற்றி, அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்கு என்ன செய்வது என்பதைப் பற்றி. குமாரசாமிக்கு 'ம்' என்று சொல்லக்கூட மூச்சு மிஞ்சவில்லை. அவர் ஏதோ கோபத்தில் இருக்கிறார் என்று நினைத்து அவள் பேச்சை நிறுத்திக்கொண்டு கொஞ்சம் முன்னால் போனாள். போனவள் போய்க்கொண்டே இருந்தாள். பனிக்குள் அவளுடைய ஸ்வெட்டர் மறைந்து, கேன்வாஸ் ஷூவின் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

ஏற்றம் முடியும் வளைவில் அவருக்காக நின்றுகொண்டிருந்தாள். முகம் சிவந்து, கண் பளபளவென்று, இருபது வயதுப் பெண்ணைப் போல இருந்தாள். குமாரசாமி அவளைத் தாண்டி நிற்காமல் ஓடினார். நெஞ்சுக்குள் என்னவோ கசந்தது.

அதற்குப் பிறகு அந்தக் கசப்பு தினமும் வந்தது. பேக்கரிக்காரர் காசை வாங்கிக்கொண்டே, அக்கா என்னமா ஓடறாங்க என்பார். பஸ் டிரைவர் கடைக்கு வந்து அதையே சொல்வார். அவருடைய ஓட்டத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. மகள் கேட்டாள் என்று அம்மா ஓடுவதைப் படம் எடுத்து அனுப்பினார். மகள் அதை ஸ்டேட்டஸில் போட்டு, கீழே இதயமாக அடுக்கியிருந்தாள். படம் எடுத்தது யார் என்று அதில் இல்லை. கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் அந்தப் படத்தைத் திறந்து திறந்து பார்த்தார். அவளுடைய இரண்டு காலும் தரையில் இல்லை.

இவ்வளவு செலவு செய்து ஷூ வாங்கியது நான், இவள் தேய்ந்த ஷூவைப் போட்டுக்கொண்டு என்னைத் தாண்டிப் போகிறாள் என்று நினைப்பார். நினைத்ததும் வெட்கமாக இருக்கும். கட்டின பொண்டாட்டிமேல் இப்படி ஒரு எரிச்சல் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார். வந்துவிட்டது. இரவு அவள் அசந்து தூங்கும்போது மூச்சு சீராக, நிதானமாக ஏறி இறங்குவது கூட அவருக்குப் பிடிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஜெகதீசன் கடைக்கு வந்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். சிலோனிலிருந்து வந்த எஸ்டேட் குடும்பத்துப் பிள்ளை, காலேஜ் நாளில் ஓட்டப் பந்தயங்களில் பேர் வாங்கியவர். காலையில் சில பேரைச் சேர்த்துக்கொண்டு ஓடுவார். வால்வு ஒன்று வாங்க வந்தவர், உங்கள் இரண்டு பேரையும் ரோட்டில் பார்க்கிறேன் சார் என்று பேச்சை ஆரம்பித்தார். ஓடுவதற்கு முன்னால் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். பால் ஊற்றாத வரக்காப்பி மட்டும்தான் என்றார் குமாரசாமி.

ஜெகதீசன் தலையை ஆட்டினார். அவ்வளவு ஏற்றம் ஓடுகிறவர்கள் வெறும் வயிற்றில் போகக்கூடாது, ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்த உடம்பு அது என்றார். கிளம்ப அரைமணி முன்னால் ஒரு வாழைப்பழம், இரண்டு பேரீச்சம்பழம். கொஞ்சம் தண்ணீர். திரும்பி வந்ததும் தள்ளிப்போடாமல் முட்டையோ சுண்டலோ, கூட இட்லியோ ராகியோ. நீண்ட ஓட்டத்துக்கு முந்தின ராத்திரி சோற்றைக் குறைக்கவே கூடாது.

"முக்கியமா அக்காகிட்ட சொல்லுங்க சார்," என்றார். "அவங்க நல்லா ஓடுறாங்க. ஆனா ரொம்ப மெலிஞ்சு தெரியுறாங்க. பொம்பளைங்க எல்லாருக்கும் போட்டுட்டு கடைசியிலதான் சாப்புடுவாங்க. சாப்பிடாம இப்படி ஓடினா ஒரு நாள் விழுந்துருவாங்க."

சொல்கிறேன் என்றார் குமாரசாமி.

அன்று சாயங்காலமே ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு பாக்கெட் பேரீச்சம்பழமும் வாங்கினார். சொல்லத்தான் நினைத்தார். கடைக்கு மேலேதான் வீடு. படியேறும்போது சாந்தாமணி யாரிடமோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. "அவர் பின்னால வந்துட்டிருப்பாருங்க, நான் வளைவுல நின்னு கூட்டிட்டு வருவேன்," என்றாள். அதில் கேலி எதுவும் இல்லை. ஆனாலும் குமாரசாமி திரும்பி இறங்கிப் பழத்தைக் கல்லாவுக்குக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையோடு மேலே போனார்.

மறுநாளிலிருந்து, கடை வாசல் விளக்கை அணைத்துவிட்டு வருகிறேன் என்று முன்னால் இறங்கிப் போனார். அவள் மேலே காப்பியைக் குடித்துத் தலையைக் கட்டிக்கொண்டு வருவதற்குள், இருட்டில் நின்றபடி பழத்தைத் தின்றுவிட்டுத் தோலைப் பெயிண்ட் டப்பாவுக்குள் போட்டு மூடிவிடுவார். ஓடி முடித்ததும் அவள் இட்லி ஊற்ற மேலே போவாள். அவர் பேப்பர் வாங்கப் போகிறேன் என்று பேக்கரிக்குப் போய் அவித்த முட்டை சாப்பிட்டுவிட்டு வருவார். அவள் அவருக்குப் போட்டு, வேலைக்காரப் பையனுக்குக் கொடுத்து, பாத்திரம் கழுவி முடித்து, பத்து மணி வாக்கில் உட்காருவாள்.

ஜெகதீசன் சொன்னது உண்மையாகத்தான் இருந்தது. சில வாரங்களில் குமாரசாமிக்குக் கால் லேசானது. ஏற்றத்தில் மூச்சு வாங்குவது நின்றது. அவளுக்கும் அவருக்கும் நடுவில் இருந்த தூரம் குறைந்தது. அதே சமயம் சாந்தாமணி முன்போல் இல்லை. துணி துவைக்கும்போது தலை சுற்றுகிறது என்றாள். மத்தியானம் அசதியாகப் படுத்துக்கொண்டாள். "வயசாவுதுங்க போல," என்று சிரித்தாள். குமாரசாமி பேப்பரை மடித்து மடித்து மறுபடியும் விரித்தார்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை கிருத்திகை வந்தது. சாந்தாமணி கிருத்திகைக்கு ஒருபொழுது இருப்பாள், பகலில் ஒரு வேளைச் சோறு மட்டும். அன்று ராத்திரி ஒரு டம்ளர் பாலோடு படுத்துவிட்டாள். அன்று காலையிலேயே, நாளைக்கு ஓட வேண்டுமா, படுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைதான் தூரமாக ஓட முடியும், விட்டால் பழக்கம் போய்விடும் என்று அவர்தான் சொன்னார். சொல்லும்போதே தான் என்ன செய்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஞாயிறு காலை நல்ல உறைபனி. புல் வெள்ளையாக இருந்தது. ஃபேக்டரி ஏற்றத்தில் பாதிக்கு மேல் போனபோது அவள் அடி தளர்ந்தது. குமாரசாமி அவள் பக்கத்தில் வந்தார். தாண்டினார். அவ்வளவு நாளுக்குப் பிறகு அவளுடைய மூச்சுச் சத்தம் தனக்குப் பின்னால் கேட்டதில் அவருக்குக் கால் தரையிலேயே பாவவில்லை. திரும்பிப் பார்க்காமல் மேலே ஓடினார். வளைவுக்குப் போய், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

அவள் வரவில்லை. வரட்டும், மெதுவாக வரட்டும் என்று நின்றார். வாட்சைப் பார்த்தார். கீழே பனி அசையாமல் கிடந்தது. ஒரு ஜீப் ஏறி வந்து அவர் பக்கத்தில் நின்றது. கீழே ரோட்டோரத்தில் உங்கள் வீட்டு அக்கா விழுந்து கிடக்கிறார்கள் என்றார் டிரைவர்.

எப்படி இறங்கி ஓடினார் என்று அவருக்கே தெரியாது. சாந்தாமணியை யாரோ மதகுச் சுவரில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். தாவாங்கட்டை கிழிந்து ஸ்வெட்டரெல்லாம் ரத்தம். உதடு வெளுத்திருந்தது. ஒரு எட்டு தள்ளி ரோடு முடிந்து, டீத்தோட்டம் செங்குத்தாகக் கீழே இறங்கியது. ஜெகதீசனும் அவரோடு ஓடுகிறவர்களும் அங்கே நின்றிருந்தார்கள். எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்க்கும் சரிதா என்ற பெண் சாந்தாமணியின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டிக்கொண்டிருந்தாள்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க அக்கா?" என்று கேட்டார் ஜெகதீசன்.

"வரக்காப்பி."

"ராத்திரி?"

"ஒருபொழுதுங்க. பால் குடிச்சேன்."

ஜெகதீசன் நிமிர்ந்து குமாரசாமியைப் பார்த்தார். "பழம் சாப்பிடாம வராதீங்கன்னு சார்கிட்ட அன்னைக்கே சொல்லி விட்டேனே. சார் சொல்லலையா?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். சாந்தாமணியும் அவரைப் பார்த்தாள். மயக்கம் தெளியாத கண்ணோடு கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு ஜெகதீசன் பக்கம் திரும்பினாள்.

"சொன்னாருங்க," என்றாள். "நாந்தான் கேக்கல."

கோத்தகிரி ஆஸ்பத்திரியில் தாவாங்கட்டைக்குத் தையல் போட்டார்கள். ரத்தம் குறைவு என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் குமாரசாமி பால் காய்ச்சிக் கொடுத்தார். வாங்கிக் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"எதுக்குங்க எங்கிட்டச் சொல்லல?"

"மறந்துட்டேன் சாந்தா."

"நீங்க தின்னீங்களா?"

அவர் காலி டம்ளரை எடுத்துத் தள்ளி வைத்தார்.

"கடை வாசல் வெளக்கை அணைக்கப் போறேன்னு முன்னால முன்னால போவீங்களே, அதுக்குத்தானா?"

ஆமாம், பழத்தைக் கல்லாவுக்குக் கீழேதான் வைத்திருந்தேன் என்றார் குமாரசாமி. இனி மறைக்க எதுவும் இல்லை என்று தெரிந்ததும் வார்த்தை தானாக வந்தது. "நீ முன்னால போறது எனக்குத் தாங்கல. ஊரே உன்னயப் பேசுது. நான் சொல்லிக்குடுத்து, நான் வாங்கின வாட்சைக் கட்டிக்கிட்டு, உனக்குப் பின்னால மூச்சு வாங்கிட்டு வர்றேன். ஒருநாளாச்சும் உன்னயத் தாண்டிரோணும்னு இருந்துச்சு."

சாந்தாமணி கட்டுப் போட்ட தாடையைத் தொட்டுக்கொண்டாள். பேசும்போது அவளுக்கு வலித்தது.

"என்னையத் தாண்டறதுன்னா இன்னுங் கொஞ்சம் வேகமா ஓடியிருக்கலாமுங்களே. பட்டினி போட்டுத்தான் தாண்டோணுமா?" என்றாள். "ஒருபொழுது இருந்தது உங்களுக்குத் தெரியும். படுத்துக்கட்டுமான்னு கேட்டேன். நீங்கதான் வான்னீங்க. அந்தச் சரிவுல விழுந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவர் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதார். அவள் அவரைத் தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. அழுது முடித்தபோது, இனிமேல் உங்களோடு ஓட வரமாட்டேன் என்றாள். ஓடாமல் இருக்கவும் மாட்டேன் என்றாள்.

தையல் பிரித்ததும் அவள் ஜெகதீசனின் ஆட்களோடு சேர்ந்துகொண்டாள். இப்போது விடிவதற்கு முன்னால் அடுக்களையில் விளக்கு எரிந்தது. முந்தின நாளே அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பழம், டப்பாவில் முட்டை, துணிப்பையில் கடலை உருண்டை. சரிதா வந்து கீழே நின்று கூப்பிடுவாள். இருவரும் சிரித்துக்கொண்டு போவது போர்வைக்குள் கிடக்கும் குமாரசாமிக்குக் கேட்கும். எழுந்து வந்து பார்த்தால், அவருடைய பங்கு ஒரு தட்டில் மூடி வைத்திருக்கும். சாப்பிடுங்கள் என்றும் சொல்ல மாட்டாள், சாப்பிட்டீர்களா என்றும் கேட்க மாட்டாள். முதல் சில நாள் அவர் அதைத் தொடவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

பொறாமை போய்விட்டதா என்றால் இல்லை. இன்னும் கூடியது. முன்னால் ஓட்டத்தில் மட்டும்தான் இருந்தது. இப்போது அந்தச் சிரிப்பின்மேல், அந்தத் துணிப்பையின்மேல், அவள் சரிதாவுக்கு என்று தனியாக எடுத்து வைக்கும் உருண்டையின்மேல் எல்லாம் வந்தது. அவர் தனியாக ஓடிப் பார்த்தார். கரடிக்குப் பயந்து பாதியில் திரும்பினார். பிறகு ஓடுவதையே விட்டார்.

ஒருநாள் காலை பொறுக்காமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனார். ஓடி முடித்துப் பெண்கள் படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்த ஒரு பெண்ணுக்குச் சாந்தாமணி முட்டை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "வெறும் வயித்தோட வராத கண்ணு. நான் அப்படி வந்துதான் தாடையைக் கிழிச்சுக்கிட்டேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். குமாரசாமி மரத்துக்குப் பின்னால் ஒதுங்குவதற்குள் சரிதா பார்த்துவிட்டாள். எழுந்து வந்து வணக்கம் சொன்னாள்.

"அக்காவுக்கு மூச்சு இழுக்கறதுலேருந்து எல்லாம் நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்களாமே சார். அக்கா எப்பவும் சொல்லுவாங்க. நீங்க ஏன் எங்களோட வர்றதில்ல?"

முகத்தில் சுடு தண்ணீரை ஊற்றியது போல இருந்தது அவருக்கு. வேலை இருக்கிறது என்று ஏதோ சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். கடையைத் திறக்காமல் மேலே போனார். மூடியிருந்த தட்டை எடுத்து, கிழங்கைத் தோலோடு தின்றார்.

அன்று ராத்திரி அவராகவே கேட்டார். கோடை சீசனில் கோத்தகிரியில் பத்து கிலோமீட்டர் ஓட்டம் நடக்கப் போகிறது, பேர் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன், முந்தின நாள் நான் என்ன சாப்பிட வேண்டும் என்றார். சாந்தாமணி புதிதாக வந்த ஆளுக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னாள். ராத்திரி சோறும் பருப்பும் வயிறு நிறைய, ஆனால் நேரத்தோடு. காரக் குழம்பு வேண்டாம். காலையில் பழமும் ஒரு தோசையும், தேன் தடவி. புதிதாக எதையும் அன்றைக்குச் சோதித்துப் பார்க்கக்கூடாது. அவர் கேட்டுக்கொண்டார். பழைய மாதிரி அவர் சொல்லி அவள் கேட்பதாக இல்லாமல் இருந்தது அவருக்குக் கூசியது. ஆனாலும் இடையில் பேசவில்லை.

ஓட்டத்தன்று இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். தொடங்கின கொஞ்ச நேரத்திலேயே அவள் முன்னால் போய்விட்டாள். போன வழியிலேயே திரும்பி வர வேண்டிய ஓட்டம் அது. குமாரசாமி ஏற்றத்தில் திணறிக்கொண்டிருக்கும்போது அவள் எதிரே இறங்கி வந்தாள். சரிதா பக்கத்தில் இருந்தாள். மனைவியைப் பார்த்ததும் அந்தக் கசப்பு மறுபடியும் வந்தது. கடந்து போகும்போது, "அடியச் சுருக்குங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவர் சுருக்கினார். நிற்காமல் ஏறினார்.

நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களில் அவள் மூன்றாவதாக வந்தாள். கூட்டத்தில் யாரோ குமாரசாமியைக் காட்டி, இவர் மேடத்தோட வீட்டுக்காரர் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்கள். அவள் கழுத்தில் மெடலைப் போட்டபோது அவர் கை தட்டினார். வயிறு எரிந்துகொண்டே இருந்தது. தட்டுவதை நிறுத்தவில்லை.

திரும்பும்போது பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஹோட்டலில் உட்கார்ந்தார்கள். சாந்தாமணி மெடலைக் கழற்றிப் பையில் வைத்தாள்.

"இன்னைக்கும் எரிஞ்சுது சாந்தா," என்றார் குமாரசாமி. "உன்னய எதுக்க பாத்தப்ப. மெடல் போட்டப்ப இன்னும் ஜாஸ்தி."

அவள் தாடையில் இருந்த தழும்பைத் தடவிக்கொண்டு அவரைப் பார்த்தாள். கோபம் இருந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. சிரிப்பும் இல்லை.

"எரிஞ்சா எங்கிட்டச் சொல்லுங்க," என்றாள். "கல்லாவுக்குக் கீழ ஒளிச்சு வெக்காதீங்க."

சர்வர் வந்தான். தனக்குப் பொங்கலும் முட்டை தோசையும் சொன்னாள். உங்களுக்கு என்று கேட்டாள். அதேதான் என்றார் அவர். சாப்பாடு வந்ததும் இரண்டு பேரும் பேசவே இல்லை. அப்படி ஒரு பசி.